ஊட்டில சுத்தமா ஓடுது, டிராக்ல ஆயில் தள்ளுது – பிரீதர், பிசிவி, கேட்ச் கேன் பத்தி

தம்பி, உன் கேள்விய நான் புரிஞ்சுக்கிட்டது இப்படி. ஊட்டில இருக்க, 1298 சிசி 16 வால்வ் மாருதி எஸ்டீம் கார், போன வருஷம் பிஸ்டன் ரிங் செட் மாத்தியாச்சு, மேல எங்க ஓட்டுனாலும் புகை கிடையாது, ஆயிலும் குறையறதில்ல. ஆனா செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு இறக்கி டிராக்ல விட்டா மூணாவது நாலாவது லேப்லயே நீலப் புகைன்னு பின்னாடி வந்தவங்க சொல்றாங்க, உள்ள வந்து பானெட்ட தூக்குனா ஏர் ஃபில்டர் ஆயில்ல நனைஞ்சிருக்கு, டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பாக்கற கம்பி) ஒரு இஞ்ச் எழும்பி நிக்குது. பிட்ல ஒருத்தர் பிசிவி வால்வ (இன்ஜினுக்குள்ள சேர்ற கெட்ட காத்த திரும்ப எரிக்க அனுப்பற வால்வ்) கழட்டி போட்டுட்டு டேப்பட் கவர்ல (இன்ஜினோட மேல் மூடி) அந்தக் காத்த வெளிய விடற சின்ன பிரீதர் ஃபில்டர் மாட்டுன்னாரு, இன்னொருத்தர் ஆன்லைன்ல கேட்ச் கேன் (அந்தக் காத்தோட வர்ற ஆயில பிடிக்கற டப்பா) ஒண்ணு வாங்கி மாட்டுனா முடிஞ்சுதுன்னாரு. எது சரின்னு கேக்கற.

ரெண்டையும் இப்போதைக்கு நிறுத்தி வை. கேட்ச் கேன் வேணும், நானே வைக்கத்தான் சொல்லப் போறேன், ஆனா அது ஒரு பாத்திரம் அவ்வளவுதான், ஒழுகற கூரைக்கு கீழ வைக்கற குண்டான் மாதிரி. ஓடு எங்க உடைஞ்சிருக்குன்னு அது சொல்லாது. குன்னூர்ல 20 வருஷத்துக்கு மேல ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன், டிராக்குக்கு வண்டி ரெடி பண்ணி இறக்கிட்டும் இருக்கேன், பெரிய கேன் மாட்டி ஒவ்வொரு செஷனுக்கும் அரை லிட்டர் ஆயில அதுல இருந்து ஊத்திட்டு மறுபடி இன்ஜின்ல ஊத்தி ஓட்டி கடைசில பேரிங் போன வண்டிங்க என் ஷெட்டுக்கு வந்திருக்கு. அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படி.

முதல்ல மேல ஒண்ணும் தெரியாம கீழ மட்டும் ஏன் தெரியுதுன்னு பாப்போம், உன் கேஸ்ல பாதி விஷயம் இதுலயே இருக்கு. ஊட்டி 2240 மீட்டர் உயரம், கோயமுத்தூர் 400 மீட்டர் பக்கம். கடல் மட்டத்துல காத்தழுத்தம் 1013 மில்லிபார்னா ஊட்டில சுமார் 770, கோயமுத்தூர்ல 965 பக்கம். அப்படின்னா நீ ஊட்டில ஆக்சிலேட்டர அடி வரைக்கும் மிதிச்சாலும் சிலிண்டருக்கு கிடைக்கற அழுத்தம் டிராக்ல கிடைக்கறதுல அஞ்சுல நாலு பங்குதான். குளிர் கொஞ்சம் ஈடு கட்டும், முழுசா கட்டாது. காத்து கம்மின்னா எரியற பெட்ரோலும் கம்மி, பிஸ்டன் தலைல விழற அழுத்தமும் கம்மி, ரிங்க தாண்டி கீழ கசியறதும் கம்மி. அதோட மேல நீ எவ்வளவு நேரம் 6000 ஆர்பிஎம்ல வச்சிருக்க முடியும், அடுத்த வளைவு வந்துரும், பஸ் வந்துரும். டிராக்ல 20 நிமிஷம் விடாம 5000-க்கு மேலயே ஓடுது, வெளிய வெயில் 35 டிகிரி, ஆயில் நல்லா காஞ்சு தண்ணி மாதிரி இளகி மூடுபனி மாதிரி பறக்குது. ஆக இன்ஜின் கீழ போனதும் கெட்டுப் போகல, மேல இருந்தவரைக்கும் அதுக்கு பரீட்சையே வைக்கல.

இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன். எந்த இன்ஜின்லயும் ரிங் நூறு சதவீதம் அடைக்காது, ரிங்கோட வாய்ல ஒரு இடைவெளி இருக்கு, 74 மில்லி போருக்கு (சிலிண்டரோட உள் விட்டம்) மேல் ரிங்ல 0.30 மில்லி பக்கம். அது வழியா எரிஞ்ச காத்தும் எரியாத பெட்ரோல் ஆவியும் தண்ணி ஆவியும் கிராங்க் கேஸுக்குள்ள (பிஸ்டனுக்கு அடில கிராங்க் தண்டு சுத்தற கூடு) வரும், அதைத்தான் நம்ம ஷெட்டுல பேக் கம்ப்ரஷன்னு சொல்றோம். அது உள்ளயே அடைஞ்சா சீல பிதுக்கிட்டு வெளிய வரும், அதனால வெளியேத்த ஒரு வழி வேணும். பழைய ஜீப்லயும் லாரிலயும் ஒரு குழாய் கீழ தொங்கும், அதுல புகையா ரோட்டுக்கு போயிரும். அது காத்த கெடுக்குதுன்னு 1961-ல கலிஃபோர்னியால புது கார்கள்ல இருந்து ஆரம்பிச்சு அந்தக் காத்த திரும்ப இன்ஜினுக்குள்ளயே இழுத்து எரிக்கற பிசிவி வந்துச்சு.

உன் வண்டில ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு டேப்பட் கவர்ல இருந்து பிசிவி வால்வ் வழியா இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டருக்கு காத்து போற குழாய்). இன்னொண்ணு டேப்பட் கவர்ல இருந்து தடியான ஹோஸ் வழியா ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் (ஆக்சிலேட்டர் மிதிச்சா திறக்கற காத்துக் கதவு) நடுவுல. ஐட்லிங்லயும் மெதுவா ஓட்டும்போதும் மேனிஃபோல்டுல வேக்கம் (உறிஞ்சற இழுப்பு) இருக்கும், அது பிசிவி வழியா கெட்ட காத்த உறிஞ்சும், பதிலுக்கு தடி ஹோஸ் வழியா நல்ல காத்து உள்ள வரும், இன்ஜினுக்குள்ள ஒரு காத்தோட்டம் ஓடிட்டே இருக்கும். ஃபுல் த்ராட்டில்ல மேனிஃபோல்டுல வேக்கமே இல்ல, பிசிவியால உறிஞ்ச முடியாது, அதே சமயம் பேக் கம்ப்ரஷன் உச்சத்துல இருக்கும், அப்ப எல்லாக் காத்தும் அந்த தடி ஹோஸ் வழியா தலைகீழா ஏர் ஃபில்டர் பக்கம் பாயும். டிராக்ல நீ பாதி நேரம் ஃபுல் த்ராட்டில்ல இருக்க. உன் ஏர் ஃபில்டர் நனைஞ்ச வழி அதான்.

வெறும் காத்து வந்தா ஃபில்டர் லேசா பிசுபிசுன்னு ஆகும், அவ்வளவுதான். நனையுதுன்னா ஆயிலே திரவமா வருதுன்னு அர்த்தம். அது ஏன்னு புரிஞ்சுக்கோ, ஏன்னா இதுதான் இன்ஜின கொல்ற விஷயம். ஆயில் பம்ப் மேல ஹெட்டுக்கு (சிலிண்டருக்கு மேல வால்வ் இருக்கற பாகம்) ஆயில ஏத்துது, அது கேம் ஷாஃப்ட நனைச்சிட்டு ஹெட்டுல இருக்கற ஓட்டைங்க வழியா திரும்ப ஆயில் சேம்பருக்கு (இன்ஜின் அடில இருக்கற ஆயில் தொட்டி) இறங்கணும். பேக் கம்ப்ரஷன் காத்து கீழ இருந்து டேப்பட் கவருக்கு ஏறறதும் பெரும்பாலும் அதே ஓட்டைங்க வழியாத்தான். நம்ம பர்லியாறு ஹேர்பின்ல மேல ஏற்ற லாரியும் கீழ இறங்கற பஸ்ஸும் எதிரெதிரா வந்தா என்ன ஆகும், ஏற்ற வண்டிக்குத்தான் வழி, இறங்கறவன் நிக்கணும். இங்கயும் அதேதான். காத்து வேகமா ஏறுனா ஆயில் மேலயே நின்னுரும், ஹெட்டுல குளம் கட்டும், நீ வளைவுல திருப்பும்போது அந்தக் குளம் ஒரு ஓரமா சாஞ்சு பிரீதர் வாயை மூடும், பின்னாடி இருந்து அழுத்தம் தள்ளும், ஆயில் ஹோஸுக்குள்ள போயிரும். உன் இன்ஜின் குறுக்கா உட்கார்ந்திருக்கு, அதனால வளைவுல ஆயில் டேப்பட் கவரோட ஒரு நுனில இருந்து இன்னொரு நுனிக்கு ஓடும். வலது வளைவுல இடது பக்கம் சேரும், இடது வளைவுல வலது பக்கம். உன் பிரீதர் வாய் எந்த நுனிக்குப் பக்கத்துல இருக்குன்னு பாரு, எந்த வளைவுக்கு அப்பறம் புகை வருதோ அதோட ஒத்துப் போனா சந்தேகமே வேண்டாம்.

மேல குளம் கட்டுதுன்னா கீழ சேம்பர்ல ஆயில் குறையுதுன்னு அர்த்தம். பம்ப் காத்த உறிஞ்சும், ஆயில் பிரஷர் லைட் ஒரு நொடி மின்னும். டிராக்ல அது மின்னுறது கண்ணுல படவே படாது. அதனாலதான் இத வெறும் புகைப் பிரச்சனையா நினைக்காதன்னு சொல்றேன்.

சரி, என்ன பண்ணணும். காசில்லாத வேலைல இருந்து ஆரம்பி. ஆயில் அளவு. டிராக்குக்கு போறவங்க அரை லிட்டர் கூட ஊத்தறாங்க, வளைவுல பம்ப் வாய் காயாம இருக்கணும்னு. அதுல நியாயம் இருக்கு, ஆனா அளவுக்கு மேல போனா கிராங்க் வெயிட்டு ஆயில்ல அடிச்சு கடைஞ்சு நுரையாக்கிரும், அந்த நுரை நேரா பிரீதருக்குத்தான் போகும். சமதளத்துல நிறுத்தி பத்து நிமிஷம் கழிச்சு பாரு. ஊட்டில சமதளம்னு நினைச்சு நிறுத்தற இடம் பாதிக்கு மேல சரிவாத்தான் இருக்கும், அதுல டிப்ஸ்டிக் பாத்து ஏமாந்தவங்க நிறைய பேர், டிராக் பிட்ல போய் இன்னொரு தடவை பாரு. மேல் கோடுக்கு ஒரு பொட்டு கூட ஏறாம வை.

அடுத்து பிசிவி வால்வ். கழட்டி காதுகிட்ட வச்சு ஆட்டு, டக் டக்னு உள்ள ஆடணும். இன்ஜின் பக்கத்துல இருந்து ஊதுனா காத்து போகணும், மேனிஃபோல்டு பக்கத்துல இருந்து ஊதுனா கிட்டத்தட்ட போகவே கூடாது. ஆடலேன்னா பெட்ரோல்ல கழுவி டைம் வேஸ்ட் பண்ணாம புதுசு போட்டுரு, விலை கம்மிதான். பிசிவி திறந்தபடியே சிக்கிக்கிட்டா அதுக்கு மலைல ஒரு தனி அடையாளம் உண்டு. நம்ம ரோட்ல இறங்கும்போது செகண்ட் கியர்லதான் வரணும், த்ராட்டில் மூடியிருக்கும், இன்ஜின் 3000-ல சுத்தும், மேனிஃபோல்டுல வேக்கம் பயங்கரமா இருக்கும். நல்ல பிசிவி அந்த நேரத்துல தன்ன சுருக்கிக்கும். சிக்குன பிசிவி அப்படியே ஆயில உறிஞ்சும். குன்னூர்ல இருந்து கல்லாறு வரைக்கும் 14 ஹேர்பின் இறங்கிட்டு சமதளத்துல ஆக்சிலேட்டர் குடுத்ததும் ஒரு மூட்டை புகை வந்தா ஒண்ணு பிசிவி, இல்லேன்னா வால்வ் சீல். இறங்கும்போது புகை இல்லாம ஃபுல் த்ராட்டில்ல இழுக்கும்போது விடாம நீலமா வந்தா ரிங், இல்லேன்னா பிரீதர் வழியா போற ஆயில். புகை எப்ப வருதுங்கறது எவ்வளவு வருதுங்கறத விட முக்கியம். அடுத்த தடவை பின்னாடி ஒரு ஃபிரண்ட ஓட்டச் சொல்லி போன்ல வீடியோ எடு.

பிசிவிய கழட்டி எறியச் சொன்னவர் பேச்ச கேக்காத, அதுவும் நீ ஊட்டில இருந்துக்கிட்டு. ஐட்லிங்ல கீழ 18-20 இஞ்ச் (பாதரசக் கணக்குல) காட்டற வேக்கம் கேஜ் நம்ம உயரத்துல 11-13 தான் காட்டும், ஏற்கனவே உறிஞ்சற சக்தி கம்மி. இந்தக் குளிர்ல காலைல ஸ்டார்ட் பண்ணி சேரிங் கிராஸ் வரைக்கும் போயிட்டு வந்தா இன்ஜின் சரியா சூடே ஆகாது, எரிஞ்ச காத்துல இருக்கற தண்ணி ஆவி உள்ளயே வேர்த்து ஆயிலோட கலந்து ஃபில்லர் மூடிக்கு அடில வெண்ணெய் மாதிரி அப்பிக்கும். பார்த்துட்டு ஹெட் கேஸ்கட் போச்சுன்னு பயந்து ஓடி வர்றவங்க டிசம்பர் ஜனவரில வாரத்துக்கு ரெண்டு பேர். பிசிவி இல்லேன்னா அந்தத் தண்ணிய வெளிய இழுக்க ஆளே இல்ல. டிராக்குக்காக பண்ற மாத்தம் மத்த நாள்ல இன்ஜினுக்குள்ள துரு ஏத்தக் கூடாது.

சின்ன பிரீதர் ஃபில்டர் விஷயத்துல என் சொந்த அனுபவம் ஒண்ணு சொல்றேன். ரொம்ப வருஷம் முன்னாடி, என் பழைய மாருதி ஜென் கார்ல பிசிவி வாய அடைச்சிட்டு டேப்பட் கவர்ல கட்டை விரல் சைஸ் ஃபில்டர் ஒண்ண மாட்டி டிராக்குக்கு கொண்டு போனேன். ரெண்டாவது செஷன்ல ஃபில்டர் ஊறி நிறைஞ்சு சொட்ட ஆரம்பிச்சிருச்சு, சொட்டுனது நேரா எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேல. எனக்கு உள்ள தெரியல, மார்ஷல் என் நம்பரோட ஆரஞ்சு வட்டம் போட்ட கறுப்புக் கொடிய காட்டுனாரு, வண்டில கோளாறு, பிட்டுக்கு வான்னு அர்த்தம். பிட்ல நிறுத்தி பானெட்ட திறந்தப்ப காத்து பட்டு பொசுக்குன்னு ஒரு தீ நாக்கு எழும்புச்சு. எக்ஸ்டிங்குயிஷர் கைக்கு எட்டற தூரத்துல இருந்துச்சு, ஒரு வினாடில அணைஞ்சது. ஆனா அந்த ஃபில்டர் இருந்த வடிவம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு, சிவப்புப் பஞ்சு கறுத்து உருகி கவர்ல ஒட்டிக் கிடந்துச்சு. நம்ம வண்டி எரியறது நம்ம பாடு, டிராக்ல ஆயில் சொட்டுனா பின்னாடி வர்ற பைக்காரன் விழுவான். அன்னைல இருந்து என் ஷெட்டுல எந்த வண்டிக்கும் எக்ஸாஸ்டுக்கு மேல சொட்டற மாதிரி எதையும் நான் விடறதில்ல.

அடுத்து டேப்பட் கவர கழட்டு. பிரீதர் வாய்க்கு அடில ஒரு தகடு இருக்கும், ஆயில் தெறிக்காம தடுக்கறதுக்கு. அதுக்குள்ள இருபது வருஷ கறுப்பு மெழுகு அப்பியிருக்கும், காத்து வர்ற வழி சுருங்கியிருக்கும், வழி சுருங்குனா காத்தோட வேகம் கூடும், வேகம் கூடுனா ஆயில இழுத்துட்டுப் போகும். மண்ணெண்ணெய்ல ராத்திரி முழுக்க ஊறப் போட்டு காலைல கம்ப்ரஸர் காத்து அடி, கடைசி சொட்டு தெளிவா வர்ற வரைக்கும். ஹெட்டுல ஆயில் இறங்கற ஓட்டைங்கள டார்ச் அடிச்சுப் பாரு. போன தடவை வேலை பண்ணப்ப சீலன்ட அளவுக்கு மேல தடவியிருந்தா அது பிதுங்கி உள்ள விழுந்து அந்த ஓட்டைல போய் உட்கார்ந்திருக்கும். சாம்பல் கலர்ல ரப்பர் புழு மாதிரி ஒரு துண்டு, அத ட்வீசர்ல பிடிச்சு இழுத்தா நீளமா வரும். அது ஒண்ணு போதும் ஹெட்டுல குளம் கட்ட. துடைக்கறதுக்கு பனியன் வேஸ்ட் யூஸ் பண்ணாத, நூல் உதிரும், நல்ல துணி வச்சுக்கோ.

இதுக்கப்பறம்தான் ரிங் சரியான்னு பாக்கற வேலை. இதுல மலைக்காரங்க ஏமாந்து போற இடம் ஒண்ணு இருக்கு. கம்ப்ரஷன் கேஜ் வச்சு பாத்தா கீழ 180 பிஎஸ்ஐ காட்டற அதே இன்ஜின் ஊட்டில 140 பக்கம்தான் காட்டும், உள்ள போற காத்தே கம்மி, அதான் காரணம். மேனுவல்ல போட்டிருக்கற நம்பரோட ஒத்துப் பாத்துட்டு ரிங் போச்சுன்னு நல்ல இன்ஜின பிரிச்ச கதை எனக்குத் தெரியும். மேல டெஸ்ட் பண்ணுனா நாலு சிலிண்டருக்கும் நடுவுல வித்தியாசம் எவ்வளவுன்னு மட்டும் பாரு. அத விட நல்லது லீக் டவுன் டெஸ்ட், சிலிண்டருக்குள்ள காத்த விட்டு எத்தனை சதவீதம் கசியுதுன்னு பாக்கறது, அதுல காத்த கம்ப்ரஸர் குடுக்குது, உயரம் பெருசா விளையாடாது. இன்ஜின் சூடா இருக்கணும், அந்த சிலிண்டர் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்ல மேல நிக்கணும், 100 பிஎஸ்ஐ விடணும், கிராங்க் திரும்பாம இருக்க கியர்ல போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்து ஃபேன் பெல்ட் கிட்ட கை வைக்காம இரு. அப்பறம் காத வை. ஆயில் ஃபில்லர் ஓட்டைல உஸ்ஸுன்னா ரிங், சைலன்சர்ல கேட்டா எக்ஸாஸ்ட் வால்வ், த்ராட்டில்ல கேட்டா இன்டேக் வால்வ், ரேடியேட்டர்ல குமிழி வந்தா ஹெட் கேஸ்கட். 10 சதவீதத்துக்குள்ள இருந்தா கையெடுத்துக் கும்பிட்டுட்டு மூடிரு. 20 தாண்டி ஃபில்லர்ல உஸ்ஸுன்னா எந்தக் கேனும் உன்னக் காப்பாத்தாது, பிரிக்கணும்.

உன் வண்டில ரிங் செட் மட்டும்தான் மாத்துன, போர் பண்ணலேன்னு (சிலிண்டர கடையலேன்னு) எழுதியிருந்த. ஹோனிங் (சிலிண்டர் சுவர லேசா கீறி சொரசொரப்பாக்கறது) பண்ணாம வழவழன்னு இருக்கற பழைய போர்ல புது ரிங்க போட்டா அது உக்காரவே உக்காராது. அதுக்கப்பறம் ஊட்டி டவுனுக்குள்ளயே மெதுவா ஓட்டி ரன்னிங் இன் பண்ணியிருந்தா சுத்தம், ரிங்க போருக்கு அழுத்தறதே எரியற காத்தோட அழுத்தம்தான், அது அங்க கிடைக்கவே கிடைக்காது. இந்த சந்தேகம் எனக்கு பலமா இருக்கு.

கிராங்க் கேஸ்ல உண்மையிலேயே எவ்வளவு அழுத்தம் ஏறுதுன்னு தெரிஞ்சுக்க நான் பண்றது ஒண்ணு சொல்றேன். பழைய இரும்புக் கடைல இதே இன்ஜினோட ஆயில் ஃபில்லர் மூடி ஒண்ணு வாங்கி ஓட்டை போட்டு நிப்பிள் வை. கொத்தனார் மட்டம் பாக்கற லெவல் டியூப் வாங்கி, பலகைல ஒரு மீட்டர் உயரத்துக்கு ‘யு’ மாதிரி வளைச்சுக் கட்டி பாதி வரைக்கும் கலர் தண்ணி ஊத்து. நிப்பிளுக்கும் இதுக்கும் நடுவுல ஒரு காலி பாட்டில் வை, வேக்கம் இழுத்தா தண்ணி இன்ஜினுக்குப் போயிரக் கூடாது. ஐட்லிங்ல தண்ணி இன்ஜின் பக்கம் கொஞ்சம் ஏறி நிக்கணும், அப்ப பிசிவி வேலை செய்யுது. அப்பறம் விடிகாலைல வண்டி இல்லாத நேரமா கல்லாறு தாண்டி முதல் ஏத்தத்துல செகண்ட்ல ஃபுல் த்ராட்டில். அங்க உயரம் கம்மி, டிராக்ல இருக்கற அதே காத்து. ஒருத்தர் ஓட்டணும், ஒருத்தர் டியூப பாக்கணும், ஓட்டறவன் அதப் பாக்கவே கூடாது. ரெண்டு பக்கத்துக்கும் தண்ணி வித்தியாசம் ஒரு சாண் கூட வரலேன்னா உனக்கு ரிங் பிரச்சனை இல்ல, ஆயில் சாயற பிரச்சனைதான். 70 சென்டிமீட்டர் வித்தியாசம்னா ஒரு பிஎஸ்ஐ. அந்தப் பக்கம் போனா டிப்ஸ்டிக் எழும்பறதுல ஆச்சரியமே இல்ல, சீலெல்லாம் கசிய ஆரம்பிக்கும்.

இப்ப கேன். இவ்வளவும் பாத்து முடிச்சப்பறம் உன் வண்டிக்கு நான் பண்றதா இருந்தா இப்படித்தான் பண்ணுவேன். பிசிவி அதே இடத்துல இருக்கட்டும், அதுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவுல சின்ன கேன் ஒண்ணு, காத்து புகாத சீல் உள்ளது, உள்ள தடுப்புத் தகடும் ஸ்டீல் நாரும் இருக்கணும். வெறும் டப்பால ரெண்டு வாய் வச்சு விக்கறாங்க, அதுல ஆவி ஒரு வாய்ல நுழைஞ்சு இன்னொரு வாய்ல அப்படியே வெளிய போயிரும், எதையும் பிடிக்காது. தடி ஹோஸுக்கு தனியா பெரிய கேன். எஃப்ஐஏ (உலக மோட்டார் ரேஸ் அமைப்பு) விதில 2000 சிசி வரைக்கும் குறைஞ்சது 2 லிட்டர், அதுக்கு மேல 3 லிட்டர், உள்ள இருக்கறது வெளிய தெரியணும்னு போட்டிருக்காங்க, போட்டிக்கு போகாட்டியும் அந்த அளவையே வச்சுக்கோ, நியாயமான அளவு.

கேன டேப்பட் கவர விட உயரமா ஃபயர்வால் பக்கம் வை, எக்ஸாஸ்ட் பக்கம் வேண்டாம். ஹோஸ் கவர்ல இருந்து மேல ஏறிட்டே போகணும், நடுவுல தொங்கி பள்ளம் விழக் கூடாது, பள்ளத்துல ஆயில் நின்னு அடைச்சிரும். ஏறிட்டே போனா ஹோஸ்ல ஒட்டுன ஆயில் தானா திரும்ப இன்ஜினுக்கே வழிஞ்சிரும். உள் விட்டம் 16 மில்லிக்கு குறையாம, முடிஞ்சா 19. ஹோஸ் 19 போட்டுட்டு நுனில 10 மில்லி நிப்பிள் வச்சா பிரயோஜனமே இல்ல, காத்துக்கு அந்த 10 மில்லிதான் கணக்கு. ஹீட்டர் ஹோஸ், ரேடியேட்டர் ஹோஸ் துண்டு போட்டு ஒப்பேத்தாத, அந்த ரப்பர் ஆயில் பட்டா ஊதி கொழகொழன்னு ஆயிரும். நைட்ரைல் ரப்பர் ஆயில் ஹோஸ்னு கேட்டு வாங்கு. பளபளன்னு கலர் கலரா வர்ற சாதா சிலிக்கான் ஹோஸும் ஆயிலுக்கு ஆகாது.

கேனோட வெளிய போற வாய் எங்க போகணும்? ரோட்லயும் ஓட்டற வண்டி, அதனால ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவுல பழைய இடத்துக்கே திருப்பிக் குடுத்துரு. நாத்தம் வராது, சட்டப்படியும் அதான் சரி, பெட்ரோல் வண்டில கிராங்க் கேஸ் காத்த வெளிய விடக் கூடாது. டிராக்ல மட்டும்தான் ஓடுதுன்னா கேன் மேல ஃபில்டர் வச்சு திறந்து விடலாம், ஆயில் ஆவி இன்டேக்குக்கு போகாது, நாக்கிங் குறையும். ஆனா ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ள போற காத்த அளக்கறது) இருக்கற வண்டில பிசிவிய வச்சுக்கிட்டு இப்படி திறந்து விட்டா கணக்குல வராத காத்து உள்ள போய் மிக்ஸர் லீன் ஆகும் (காத்துக்கு பெட்ரோல் பத்தாது), அதையும் ஞாபகம் வை.

டர்போ (காத்த அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளற கருவி) வண்டி வச்சிருக்கற உன் ஃபிரண்டுக்கும் ஒரு வரி: டர்போ தள்ளற அழுத்தத்துல, அதாவது பூஸ்ட்ல, பிசிவி சரியா மூடலேன்னா பூஸ்ட் நேரா கிராங்க் கேஸுக்குள்ள ஏறும், டர்போல இருந்து ஆயில் இறங்கற குழாய்க்கும் எதிர்ப்பு வரும், டர்போ புகையும், பாவம் டர்போவ மாத்திட்டு இருப்பாரு. கிராங்க் கேஸ் காத்த வேக்கம் பம்ப் வச்சு உறிஞ்சறது, எக்ஸாஸ்ட் பைப்ல குழாய் வெல்டு பண்ணி உறிஞ்சறதெல்லாம் உன் வண்டிக்கு இப்ப தேவையே இல்ல.

கேன் மாட்டுனதும் அத தூர ஊத்திராத, அதுல விஷயம் இருக்கு. ஒவ்வொரு செஷனுக்கு அப்பறமும் வந்தத ஒரு கண்ணாடி ஹார்லிக்ஸ் பாட்டில்ல ஊத்தி ராத்திரி ஜன்னல் ஓரமா வை. காலைல பாத்தா தண்ணி அடில பிரிஞ்சு நிக்கும், நடுவுல காப்பிக் கலர்ல கலங்கல், மேல ஆயில். மூடிய திறந்து மோந்து பாரு, பெட்ரோல் வாடை தூக்கலா இருந்தா மிக்ஸர் ரிச் (பெட்ரோல் கூடுதல்), இல்ல ரிங் உக்காரல. அடில தண்ணி நிறைய இருந்தா அது ஊட்டிக் குளிர்ல சேர்ந்தது, பயப்படாத. மேல சுத்தமான ஆயில் மட்டும் நிறைய இருந்தா அது ஹெட்டுல இருந்து வழிஞ்ச ஆயில், தடுப்புத் தகடையும் ஓட்டையையும் மறுபடி பாரு. 20 நிமிஷ செஷனுக்கு ரெண்டு மூணு ஸ்பூன் வந்தா நான் கவலைப்பட மாட்டேன். 200 மில்லி வந்தா அந்த வண்டிய அடுத்த செஷனுக்கு விட மாட்டேன்.

இதுல சேர்ற தண்ணி கலந்த ஆயில திரும்ப சேம்பருக்கு இறங்கற மாதிரி குழாய் வைக்காத, வெயில் ஊர்ல வைக்கறாங்க, நமக்கு ஆகாது. தலைகுந்தா பக்கம் உறைபனி விழற ராத்திரில வெளிய நிறுத்தறவனா இருந்தா சாயந்திரமே கேன காலி பண்ணிரு, தண்ணி உறைஞ்சு நார்ல அடைச்சா காலைல ஸ்டார்ட் பண்ணுனதும் காத்துக்கு வழி இருக்காது, டிப்ஸ்டிக் இல்லேன்னா சீல் தூக்கும். காலி பண்ணறத ஓடைல ஊத்தாத, தனியா வேற ஒரு கேன்ல சேர்த்து வை, பழைய ஆயில் எடுக்கறவங்க வருவாங்க. நம்ம ஓடைத் தண்ணியத்தான் கீழ இருக்கறவங்க குடிக்கறாங்க.

டிராக்குக்கு ஓட்டிட்டே போறதா இருந்தா மேட்டுப்பாளையத்துல டீக்கு நிறுத்தும்போது பிசிவி பக்கத்து கேன காலி பண்ணு, 50 கிலோமீட்டர் த்ராட்டில் மூடி இறங்கி வந்திருக்க, அதுல சேர்ந்திருக்கும். பிட்ல போய் டிப்ஸ்டிக் பாரு, டிப்ஸ்டிக்குக்கு ஒரு ஸ்பிரிங் கொக்கி போட்டுரு, எழும்பாம இருக்க. ஆனா கொக்கி போட்டதும் அழுத்தம் போயிரல, வேற வழி தேடும், அதனால லீக் டவுன் பாக்காம கொக்கி மட்டும் போட்டுட்டு இறங்காத.

இந்த வாரம் ஆயில் அளவு, பிசிவி, டேப்பட் கவர் மூணையும் முடி. நாலு சிலிண்டர் லீக் டவுன் நம்பரையும், எந்த ஓட்டைல உஸ்ஸுன்னு கேட்டுச்சுங்கறதையும், புகை வீடியோவையும் எனக்கு அனுப்பு. போர் பண்றதா வேண்டாமாங்கறத அதப் பாத்துட்டுச் சொல்றேன், அதுக்கு முன்னாடி கேனுக்கு காசு குடுக்காத.